பதில் வராத பொட்டலங்கள்

தொலைவில் இருக்கும் ஒரு லினக்ஸ் கணினியோடு தொடர்பு கொள்ள முயன்று தோற்கும்போது, அந்தத் தோல்வி பெரும்பாலும் மூன்று வடிவங்களில் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு வரி உண்டு. பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை. 'கனெக்ட் ஆகமாட்டேங்குது' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். மருத்துவரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் போன்றது அது.

முதலாவது, 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. கேட்பதற்குக் கடுமையான சொல். உண்மையில் அது நற்செய்தி. நாம் அனுப்பிய பொட்டலம் கடல்களையும் கண்டங்களையும் தாண்டி அந்தக் கணினியின் வாசல் வரை போயிருக்கிறது. அங்கே யாரோ கதவைத் திறந்து, 'நீங்கள் தேடி வந்தவர் இங்கே இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருக்கிறார். பாதையில் பழுதில்லை, வீட்டில் ஆளும் உண்டு, நாம் தேடும் சேவை மட்டும் அந்த போர்ட்டில் ஓடவில்லை. (சில வேளைகளில் வாசலில் நிற்கும் காவலரே அப்படிச் சொல்லிவிடுவதும் உண்டு.) இரண்டாவது, 'நோ ரூட் டு ஹோஸ்ட்'. பெரும்பாலும் கடைசித் தெருமுனையில் நிற்கும் ரவுட்டர், 'அந்த வீட்டில் எவ்வளவு கூப்பிட்டும் ஆளில்லை' என்று திரும்பி வந்து சொல்வது இது. மூன்றாவது, 'டைம்ட் அவுட்'. இதில் யாரும் எதுவும் சொல்வதில்லை. லினக்ஸ் தன் முதல் அழைப்புக்குப் பதில் வராவிட்டால் ஒரு விநாடி பொறுத்து மறுபடி அழைக்கும்; பிறகு இரண்டு விநாடி, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். நெடுங்காலம் இருந்துவந்த அமைப்பின்படி, ஆறு முறை மறுபடி அழைத்துப் பார்த்து, மொத்தம் 127 விநாடிகள் காத்திருந்த பிறகே கைவிடும். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை உண்டு என்று யோசித்துப் பார்க்கலாம்.

மறுப்பைக் கையாள்வது எளிது. மௌனத்தைக் கையாள்வதுதான் கடினம். பொட்டலம் போய்ச் சேராமல் தொலைந்ததா, போய்ச் சேர்ந்தும் காவலர் வாய் திறவாமல் குப்பையில் போட்டாரா, அல்லது பதில் புறப்பட்டு வரும் வழியில் காணாமல் போனதா, மூன்றும் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

'பாக்கெட்' என்பதற்குப் 'பொதி' என்றும் 'பொட்டலம்' என்றும் இருவகையாக எழுதுகிறார்கள். எனக்குப் பொட்டலமே உகந்ததாகத் தோன்றுகிறது. பொதி என்றால் கழுதையின் முதுகில் ஏற்றும் பாரம் நினைவுக்கு வருகிறது. பொட்டலம் என்பது மளிகைக் கடைக்காரர் பழைய நாளிதழில் மடித்து, சணல் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றித் தருவது. சிறியது, முகவரியோடு முடிந்துபோவது, தொலைந்தால் இன்னொன்று மடித்துக்கொள்ளலாம் என்னும் தன்மை உடையது. இணையம் ஓடுவது இந்தத் தன்மையால்தான். எந்த ரவுட்டரும் எந்தப் பொட்டலத்துக்கும் உத்தரவாதம் தருவதில்லை. தொலைந்ததைக் கவனித்து மறுபடி அனுப்புவது இரு முனைகளில் இருக்கும் கணினிகளின் பொறுப்பு.

இந்த இருட்டில் துழாவுவதற்கு நமக்கு இருக்கும் கருவிகளில் மூத்தது பிங். 1983ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் எறிபொருளியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் சோனார் கருவியின் ஒலியைப் பெயராக வைத்தார். ஒரு வலையமைப்புக் கோளாற்றின் மூலத்தைத் தேட, அவசரத்துக்கு அடித்துப் போட்ட நிரல் அது. அவர் 2000ஆம் ஆண்டில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் எழுதிய மற்ற மென்பொருள்களைவிட இந்தச் சின்னஞ்சிறு நிரல்தான் உலகத்தின் ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்திருக்கிறது. நம் தூது இலக்கியத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அன்னத்தையும் மேகத்தையும் நெஞ்சையும் அனுப்புவார்கள். தமிழ்விடு தூதில் தமிழே மதுரைச் சொக்கநாதரிடம் போகிறது. 'மாலை வாங்கி வா' என்று சொல்லியதோடு நூல் முடிந்துவிடும். தூது போய்ச் சேர்ந்ததா, மாலை கிடைத்ததா என்று எந்தப் புலவரும் நமக்குச் சொல்வதில்லை. பிங் அந்த வகையில் நேர்மையான தூது. எத்தனை போயின, எத்தனை திரும்பின, எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று கடைசியில் கணக்கு ஒப்புவித்துவிடும்.

ஆனால் பிங்கின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் சிக்கல். மேலே சொன்ன மூன்றிலும் சேராத நான்காவது வகைத் தோல்வி ஒன்று உண்டு. 2023இல் அதோடு மூன்று நாள் மல்லுக்கட்ட நேர்ந்தது.

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எண்பதுகளிலிருந்து ஊர் ஊராகப் போய்த் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். ஏறத்தாழ முந்நூறு நாடாக்கள். பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. பின்னாளில் அவரே பொறுமையாக ஒவ்வொன்றையும் ஓடவிட்டு ஒரு லினக்ஸ் கணினியில் கோப்புகளாக ஏற்றினார். நாடாக்களில் பாதிக்குமேல் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டதால் அந்தக் கோப்புகளே மூலமாகிவிட்டன. மொத்தம் 190 கிகாபைட். அந்தக் கணினியின் வன்தட்டு சாகத் தொடங்கியிருந்தது. தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பில், படிக்க முடியாமல் போன பகுதிகளின் எண்ணிக்கை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஏறிக்கொண்டிருந்தது. புதிய தட்டு ஒன்றைக் கூரியரில் அனுப்பினேன். போய்ச் சேர நான்கு நாளாகும் என்றார்கள். அதுவரை அது தாங்கும் என்று சொல்வதற்கில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வழங்கிக்கு, இணையம் வழியாக உடனே நகலெடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. முந்தைய மாதம்வரை அந்த இரு கணினிகளுக்கும் இடையே சிறு கோப்புகள் தடையின்றிப் போய் வந்துகொண்டுதான் இருந்தன.

அன்று போகவில்லை. பிங் அடித்தால் நூற்றுக்கு நூறு பதில் வருகிறது. வழங்கியின் 22ஆம் போர்ட் திறந்திருக்கிறது. எஸ்.எஸ்.ஹெச் இணைகிறது, எதிர்முனை தன் பெயரும் பதிப்பு எண்ணும் சொல்லி வணக்கம் கூறுகிறது. அதன்பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி கிடையாது. கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

(22 என்ற எண்ணுக்கு ஒரு சிறு கதை உண்டு. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடியதைத் தொடர்ந்து, 1995இல் தாத்து யுலோனன் எஸ்.எஸ்.ஹெச்சை எழுதினார். கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி 21லும் டெல்நெட் 23லும் குடியிருந்தன. இரண்டின் இடத்தையும் பிடிக்கப்போகிற நிரலுக்கு நடுவே காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார்.)

எஸ்.எஸ்.ஹெச்சிடம் மைனஸ் வி என்று சொன்னால் தன் ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகும். ஆசிரியர் திரையைப் பார்த்துத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாக வாசித்தார். கடைசி வரியில், சாவிப் பரிமாற்றத்துக்கான பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு நின்றுபோனது.

"தம்பி, இது ரொம்ப நேரமாக எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. தலைவி கூற்று மாதிரி."

"எதிர்பார்க்கட்டும் ஐயா. கன்ட்ரோல் சி அடிக்க வேண்டாம். இந்தப் பக்கம் நான் பார்க்கிறேன்."

இந்தப் பக்கம் என்றால் ஃபிராங்க்ஃபர்ட் வழங்கி. அதில் டி.சி.பி டம்ப் ஓடவிட்டேன். வந்து போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் வாசலில் நின்று குறித்துக்கொள்ளும் நிரல் அது; எண்பதுகளின் இறுதியில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வேன் ஜேக்கப்சனும் அவருடைய தோழர்களும் எழுதியது. வலையமைப்புத் தகராறுகளில் நான் சாட்சியாக ஏற்பது இதை ஒன்றைத்தான். மற்றக் கருவிகளெல்லாம் தங்கள் கருத்தைச் சொல்லும்; இது கண்டதை மட்டும் சொல்லும்.

கண்டது இதுதான். கைகுலுக்கல் மூன்றும் முறையாக நடந்திருக்கின்றன. வணக்கச் செய்தி வந்திருக்கிறது. அதன்பிறகு ஆசிரியரின் கணினியிலிருந்து ஒரு சிறு துண்டு வந்திருக்கிறது. டி.சி.பி.யில் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. வந்த துண்டின் வரிசை எண், வரவேண்டிய இடத்திலிருந்து ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் தாண்டி இருந்தது. அதாவது, ஒரு கடிதத்தை இரண்டாக மடித்து இரு உறைகளில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பின்பாதி வந்துவிட்டது. முன்பாதியைக் காணவில்லை. வழங்கி 'முன்பாதி வரவில்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்ல, அந்தப் பக்கம் முன்பாதியைத் திரும்பத் திரும்ப அனுப்ப, அது ஒவ்வொரு முறையும் வழியில் மாயமாகிக்கொண்டிருந்தது. சிறியது பிழைக்கிறது, பெரியது சாகிறது. இந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் நோயின் பெயரைச் சொல்லிவிடலாம்.

இணையப் பாதையின் ஒவ்வொரு கண்ணிக்கும், தான் சுமக்கக்கூடிய மிகப்பெரிய பொட்டலம் இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. எம்.டி.யூ என்பார்கள். ஈதர்நெட்டில் அது 1500 பைட்; 1980இல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட தரத்திலிருந்து வருவது. கணினிகள் ஆயிரம் மடங்கு வேகம் பெற்றுவிட்டன. 1500 மட்டும் அசையவில்லை. வீட்டு இணைப்புகள் பலவற்றில், பயனர் பெயர் சொல்லி உள்ளே நுழையும் ஏற்பாட்டுக்காக அதில் 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. நடுவில் யாராவது ஒரு சுரங்கம் அமைத்து, நம் பொட்டலத்தை இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பினால், அந்த உறையின் எடையும் இதிலிருந்தே கழியும்.

பெரிய பொட்டலம் சிறிய வாசலுக்கு வந்தால் என்ன ஆகவேண்டும் என்பதற்கு 1990இல் ஒழுங்கான விதி எழுதி வைத்தார்கள். அனுப்புகிறவர் 'இதைப் பிரிக்காதே' என்று முத்திரை குத்தி அனுப்புவார். வாசல் சிறிதாயிருந்தால் அந்த ரவுட்டர் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, 'என் அளவு இவ்வளவுதான்' என்று ஐ.சி.எம்.பி வழியாக ஒரு சீட்டு அனுப்பவேண்டும். அனுப்பியவர் அளவைக் குறைத்துக்கொள்வார். அழகான ஏற்பாடு. அதைக் கெடுத்தவர்கள் பாதுகாப்பின் பெயரால் ஐ.சி.எம்.பி முழுவதையும் அடைத்துவைத்த மகானுபாவர்கள். தபால்காரர் வழியாகத் திருடன் வரக்கூடும் என்று தபாலையே நிறுத்திவிட்ட வீடு மாதிரி. சீட்டு வராததால் அனுப்புகிறவருக்கு எதுவும் தெரியாது. அதே அளவில் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார். இதற்குக் கருந்துளை என்றே பெயர்.

ஐயத்தை உறுதிப்படுத்த வேண்டும். பிங்குக்கு எவ்வளவு எடை சுமக்கவேண்டும் என்று சொல்லலாம். பிரிக்காதே என்றும் சொல்லலாம். அந்தக் கட்டளையைத் தொலைபேசியில் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பிங், இடைவெளி, மைனஸ், பெரிய எம், இடைவெளி, டி ஓ, இடைவெளி, மைனஸ், சின்ன எஸ்…"

"பெரிய எம், சின்ன எஸ்ஸா? தம்பி, தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. எழுத்து என்றால் எழுத்துதான்."

முதலில் 1472. தலைப்புகளுக்கான 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500. அடித்த மறுகணமே பதில் வந்தது: பிரிக்காமல் போகாது, அளவு 1492. சொன்னது ஆசிரியர் வீட்டு அலமாரியில் இருக்கும் ஆயிரம் ரூபாய் ரவுட்டர். தன் வரம்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அடுத்து, அந்த வரம்புக்குள் சரியாக அடங்கும் 1464. பதில் இல்லை, பிழையும் இல்லை. பத்து போயின, பத்தும் திரும்பவில்லை. 1400 சொன்னேன், பத்தும் திரும்பின.

அப்புறம் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டு போவதுதான். 1432 வந்தது. 1448 வந்தது. 1456 வரவில்லை. 1452 இல்லை. 1450 இல்லை. 1449ம் இல்லை. ஆறே அடியில் முடிந்தது. 1448 போகிறது, 1449 போவதில்லை. 28ஐக் கூட்டினால் 1476. ஆயிரத்து ஐந்நூறுக்கு 24 குறைவு. ஜி.ஆர்.இ என்ற வகைச் சுரங்கத்தின் உறை எடை துல்லியமாக 24 பைட். ஆக, அந்த ஒரு மாத இடைவெளியில், நடுவழியில் எங்கோ ஒரு சுரங்கம் முளைத்திருக்கிறது என்பது என் ஊகம். டிரேஸ்ரூட் ஓடவிட்டு இடத்தைத் தேடிப் பார்த்தேன். பொட்டலத்தின் ஆயுளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே அனுப்பி, ஆயுள் முடிகிற இடத்தில் இருக்கும் ரவுட்டரை 'இங்கே செத்துப்போயிற்று' என்று சொல்லவைக்கும் தந்திரம் அது. ஐந்தாவது படியிலிருந்து எட்டாவது வரை நட்சத்திரக் குறிகள்தாம். அந்த நட்சத்திரங்களைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டியதில்லை, இறப்புச் செய்தி அனுப்ப விருப்பமில்லாத ரவுட்டர் பொட்டலத்தை ஒழுங்காகக் கடத்திக்கொண்டும் இருக்கலாம். என்றாலும், சீட்டு அனுப்பாத குற்றவாளி அந்த நால்வருக்குள் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது.

இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஆசிரியரே பேசினார். எதிர்முனையில் இருந்த பெண் மிகுந்த மரியாதையோடு, "சார், பிங் வருதா?" என்று கேட்டிருக்கிறார். "வருகிறது அம்மா, ஆனால் 1448 பைட் வரைக்கும்தான்" என்று ஆசிரியர் விளக்கியிருக்கிறார். "பிங் வருதுன்னா லைன் நல்லா இருக்கு சார்" என்று புகார் மூடப்பட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்திருக்கும் வினாநிரலில் அதற்கு மேல் கேள்வி இருந்திருக்காது.

நடுவில் இருப்பவரைத் திருத்த முடியாதபோது, நாம்தான் குனிந்து போகவேண்டும். வழிகள் சில உண்டு. கருந்துளையை டி.சி.பி தானாகவே உணர்ந்து அளவைக் குறைத்துக்கொள்ளும் முறை ஒன்றை 2007இல் எழுதினார்கள், ஐ.சி.எம்.பி சீட்டையே நம்பாத முறை அது. லினக்ஸ் கெர்னலில் அது இருக்கிறது. ஆனால் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஏன் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை உவப்பில்லாத முடிவு. அந்த அவசரத்தில் எளிய வழியே மேல் என்று, ஆசிரியரின் கணினி தன் வலையமைப்பு அட்டையின் அளவை 1400 என்று வைத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு கட்டளை சொன்னேன். 1476க்கு மிக அருகில் போய் நிற்பானேன், சற்று இடம் விட்டுப் போவோம் என்றுதான் 1400.

அவர் அடித்து முடித்து, எஸ்.எஸ்.ஹெச் கட்டளையை மறுபடி கொடுத்தார். தொலைபேசியில் விசைப்பலகையின் ஓசை நின்றது.

"கடவுச்சொல் கேட்கிறது தம்பி."

அவ்வளவுதான். மூன்று நாள் இழுத்ததற்கு மருந்து ஒரு வரி.

நகலெடுப்பு அன்றிரவு பதினொரு மணிக்குத் தொடங்கியது. ஆர்சிங்க் என்னும் நிரல், இடையில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேறெதையும் அதற்கு நான் நம்பியிருக்க மாட்டேன். வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். 190 கிகாபைட்டுக்கு ஏறக்குறைய 42 மணி நேரம். சாகிற தட்டு, ஒற்றைக் கம்பி, அந்த ஊரின் மின்வெட்டு மூன்றையும் நம்பி 42 மணி நேரம். எந்தக் கோப்பு முதலில் போகவேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, ஒப்பாரிகளை முதலில் அனுப்பச் சொன்னார். தாலாட்டு இன்னும் யாராவது எங்காவது பாடுவார்கள். ஒப்பாரி பாடத் தெரிந்தவர்கள் அவர் பக்கத்து ஊர்களில் இருவர்தான் மிச்சம் என்றார்.

தட்டு கோப்புகளைப் படிக்கத் திணறும் வேளைகளில் நகல் நின்று நின்று போயிற்று. அப்போதெல்லாம் வலையமைப்பா தட்டா என்று பிரித்தறிய, இரண்டாவது சாளரத்தில் 1300 பைட் சுமந்த பிங் ஒன்றை விடாமல் ஓடவிட்டிருந்தேன். அது ஓடிக்கொண்டிருந்தால் தடுமாறுவது தட்டு. ஃபிராங்க்ஃபர்ட் போய்த் திரும்ப நூற்றைம்பது மில்லிவிநாடிக்கு மேல் பிடித்தது. அந்த எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு இரவு கழிந்தது. மின்வெட்டு இரண்டு முறை வந்தது. முதல் முறை மின்சாரம் திரும்பியதும் கணினி பழையபடி 1500க்குப் போய்விட்டது. ஆசிரியரே, நான் சொல்வதற்கு முன்பாக, தாளில் எழுதி வைத்திருந்த கட்டளையை அடித்து 1400 ஆக்கிவிட்டு எனக்குச் செய்தி சொன்னார். பிறகு அதை நிரந்தர அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிட்டோம்.

மூன்றாம் நாள் மாலைக்குள் ஏழு கோப்புகள் தவிர எல்லாம் ஃபிராங்க்ஃபர்ட் சேர்ந்துவிட்டன. அந்த ஏழையும் தட்டால் படிக்க முடியவில்லை. அவற்றில் இரண்டு ஒப்பாரி, ஐந்து நடவுப் பாட்டு. கூரியர் மறுநாள் வந்தது; அதற்குள் பழைய தட்டு சுழலுவதையே நிறுத்திவிட்டிருந்தது. ஏழில் நான்கின் மூல நாடாக்கள் ஆசிரியரின் பரணில் இன்னும் இருக்கின்றன. பூஞ்சையைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்து ஓட்டிப் பார்க்க, ஒலிநாடா பழுதுபார்க்கும் ஒருவரை மதுரையில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.